டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: முதல் கதாபாத்திரம் உருவாக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் நடித்து ஆடும் ஆட்டம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதை ஆட வருகிறவர்களில் பலர் கதாபாத்திரத் தாளைப் பார்த்ததுமே மலைத்துப்போகிறார்கள். முன்பக்கம் முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் எண்கள். ஆனால் நீங்கள் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டிய எண்கள் ஆறுதான். ஏழாவதாக, முதல் லெவலில் எல்லாருக்கும் பொதுவான ஒரு +2. மற்றவை பெரும்பாலும் இந்த ஏழையும், உங்கள் கிளாஸ் (பாத்திரத்தின் தொழில்), கவசம், ஆயுதம் ஆகியவற்றையும் வைத்துக் கூட்டிப் போடுபவை. கீழே உள்ள பதில்கள் நெடுக ஒரே ஒரு பாத்திரத்தை, ஒரு ஹில் டுவார்ஃப் கிளெரிக்கை (மலைக் குள்ளர் இனத்துப் பூசாரியை), கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே போகிறோம். பென்சிலோடு கூடவே எழுதிப் பாருங்கள்.

இவை எந்தப் பதிப்பின் விதிகள்?

ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட ஆட்டம் இது. இப்போது விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிடுகிறது. 2024-இல் திருத்திய விதிநூல் வந்துவிட்டது, ஆனாலும் 2014 விதிகளில் ஆடும் குழுக்கள் இன்னும் ஏராளம். அந்த விதிகளின் அடிப்படைப் பகுதி எஸ்ஆர்டி 5.1 என்ற பெயரில் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே வெளியானது. இங்கே சொல்லும் பாத்திரத்தை அதையும் இந்தப் பக்கத்தையும் வைத்தே முழுதாக உருவாக்கிவிடலாம், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

முதல் வேலையாக, உங்கள் டிஎம் எந்தப் பதிப்பை நடத்துகிறார் என்று கேட்டுவிடுங்கள். டிஎம் என்பவர் டஞ்சன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துகிறவர். இரண்டு பதிப்பையும் கலந்தால் கணக்கு உதைக்கும். 2014-இல் திறன் எண்ணைக் கூட்டித் தருவது ரேஸ் (இனம்), 2024-இல் அதைத் தருவது பேக்கிரவுண்ட் (முன்வாழ்க்கை). ஒரு வீடியோவில் ஒன்றையும் இன்னொரு வீடியோவில் மற்றதையும் பார்த்துவிட்டு இரண்டு முறை கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். கிளெரிக்குக்கு லைஃப் டொமைன் போன்ற உட்பிரிவு 2014-இல் முதல் லெவலிலேயே கிடைக்கும், 2024-இல் மூன்றாம் லெவல் வரை காத்திருக்க வேண்டும். க்யூர் வூண்ட்ஸ் மந்திரம் பழைய விதியில் ஒரு எட்டுமுகப் பகடை, புதியதில் இரண்டு.

தொடங்க என்னென்ன வேண்டும்?

ஒரு கதாபாத்திரத் தாள், பென்சில், ரப்பர், ஏழு பகடைகள் கொண்ட ஒரு செட். செட்டில் 4, 6, 8, 12, 20 முகங்கள் கொண்டவை ஒவ்வொன்றும், பத்துமுகப் பகடை இரண்டும் இருக்கும். அந்த இரண்டில் ஒன்றில் 00, 10, 20 என்று பத்துப் பத்தாக அச்சாகியிருக்கும், அது நூறு வரை உருட்டுவதற்கு. பேனா வேண்டாம். உயிர்ப்புள்ளி, அதாவது இன்னும் எவ்வளவு அடி தாங்கலாம் என்ற எண், ஒரே மாலையில் பத்து முறை மாறும்.

எதை முதலில் தீர்மானிப்பது?

கிளாஸை. அதற்கும் முன்னால், மனசுக்குள் ஒரே ஒரு வரி: "காயம்பட்டவர்களை விட்டுவிட்டு ஓடமாட்டாத, கோயிலில் வளர்ந்த டுவார்ஃப்." அந்த வரி கிளாஸைச் சொல்லிவிடும், கிளாஸ் முக்கியத் திறனைச் சொல்லும், முக்கியத் திறன் எந்த ரேஸ் பொருந்தும் என்று காட்டும். வரிசை இப்படி: ஒரு வரி, கிளாஸ், ரேஸ், ஆறு எண்கள், பேக்கிரவுண்ட், சாமான்கள், கடைசியாகக் கூட்டல் கணக்கு. எண்களை முதலில் உருட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேடினாலும் விதிப்படி தப்பில்லை. ஆனால் புதியவர்கள் பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்: கையில் ஆறு எண் இருக்கும், எதை எங்கே வைப்பதென்று தெரியாது.

16 என்றும் +3 என்றும் ஏன் இரண்டு எண்கள்?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி. ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன், இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கரிஸ்மா என்று ஆறு திறன்கள். உடல் பலம், லாவகம், தாக்குப்பிடிக்கும் சக்தி, படிப்பும் தர்க்கமும், கூர்ந்து கவனிக்கும் புத்தி, ஆளை ஈர்க்கும் ஆளுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், அதிலிருந்து வரும் ஒரு மாடிஃபையர். ஆட்டத்தில் பகடையோடு கூட்டுவது மாடிஃபையரை மட்டுமே.

மதிப்பெண்ணில் 10-ஐக் கழித்து இரண்டால் வகுத்து, பின்னம் வந்தால் கீழே இறக்குங்கள். 16 என்றால் +3. 13 என்றால் ஒன்றரை, ஆகவே +1. 8 என்றால் –1. 9-க்கும் –1தான், ஏனென்றால் –0.5-ஐக் கீழே இறக்கினால் 0 வராது.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும்: 14, 15 இரண்டுக்கும் மாடிஃபையர் +2 தான். ரேஸ் தரும் கூட்டலுக்குப் பிறகும் ஒற்றைப்படையில் நிற்கும் எண், அடுத்த கூட்டல் வரும்வரை பெரிய பலன் தராது. 13-க்கு மட்டும் தனி மதிப்பு உண்டு. செயின் மெயில் கவசத்தைச் சிரமமில்லாமல் அணிய ஸ்ட்ரெங்த் 13 வேண்டும், பின்னாளில் இன்னொரு கிளாஸைச் சேர்த்துக்கொள்ளவும் அந்தந்தத் திறனில் 13 கேட்பார்கள்.

ஆறு மதிப்பெண்கள் எங்கிருந்து வருகின்றன?

மூன்று வழிகள். எது என்று டிஎம் சொல்வார்.

முதல் வழி, தயார் எண்கள்: 15, 14, 13, 12, 10, 8. பிடித்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, 27 புள்ளிகளைச் செலவழிப்பது. எல்லாத் திறனும் 8-இல் தொடங்கும், உச்சம் 15. 9-க்கு 1 புள்ளி, 10-க்கு 2, 11-க்கு 3, 12-க்கு 4, 13-க்கு 5. அதற்கு மேல் விலை ஏறிவிடும்: 14-க்கு 7, 15-க்கு 9. தயார் எண்களை இந்த விலையில் கூட்டிப் பாருங்கள்: 9+7+5+4+2+0, சரியாக 27. ஆகவே இரண்டு வழியும் ஒரே எடைதான். இரண்டாவதில் 15, 15, 15, 8, 8, 8 என்று ஒரு பக்கமாகச் சாய்க்கவும் இடம் உண்டு. ரேஸ் தரும் கூட்டலைப் புள்ளிகள் செலவழித்து முடித்த பிறகே போட வேண்டும். முன்னாலேயே போட்டுவிட்டு 16-க்கு என்ன விலை என்று அட்டவணையில் தேடினால் கிடைக்காது.

மூன்றாவது, உருட்டுவது. நான்கு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, மிகக் குறைந்ததை ஒதுக்கி, மற்ற மூன்றைக் கூட்ட வேண்டும். இப்படி ஆறு முறை. சராசரி 12.24 வரும், தயார் எண்களின் சராசரியான 12-ஐவிடச் சற்றே அதிகம். ஒரு உருட்டலில் 18 விழ வாய்ப்பு 1,296-க்கு 21, அதாவது நூற்றுக்கு ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். சிக்கல் சராசரியில் இல்லை, ஏற்றத்தாழ்வில் இருக்கிறது. ஒருவருக்கு 17, 16, 15 விழுந்து பக்கத்தில் இருப்பவருக்கு 13-க்கு மேல் எதுவுமே விழாமல் போனால், அந்த வித்தியாசத்தோடுதான் இருவரும் மாதக்கணக்கில் ஆட வேண்டும். முதல் பாத்திரத்துக்குத் தயார் எண்களையே நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

எந்த எண்ணை எதில் வைப்பது?

மிகப் பெரியதை உங்கள் கிளாஸ் நம்பியிருக்கும் திறனில் வையுங்கள். ஃபைட்டருக்கு ஸ்ட்ரெங்த், வில்லாளியானால் டெக்ஸ்டெரிட்டி. பார்பேரியனுக்கு ஸ்ட்ரெங்த். ரோக், மங்க், ரேஞ்சர் மூவருக்கும் பெரும்பாலும் டெக்ஸ்டெரிட்டி. விசார்டுக்கு இன்டெலிஜென்ஸ். கிளெரிக், ட்ரூயிட் இருவருக்கும் விஸ்டம். பார்ட், சார்சரர், வார்லாக் மூவருக்கும் கரிஸ்மா. பாலடினுக்கு ஸ்ட்ரெங்தும் வேண்டும், கரிஸ்மாவும் வேண்டும்.

இரண்டாவது அல்லது மூன்றாவது பெரிய எண், எந்தக் கிளாஸாக இருந்தாலும், கான்ஸ்டிட்யூஷனுக்கு. இதில் கைவைக்காதீர்கள். கான்ஸ்டிட்யூஷன் 8 வைத்த விசார்டுக்கு முதல் லெவலில் உயிர்ப்புள்ளி 5. ஒரு சாதாரண கோப்ளின் (குட்டி அரக்கன்) வாளால் வெட்டினால் உயிர்ப்புள்ளியில் குறையும் சேதம் ஓர் ஆறுமுகப் பகடையும் கூட இரண்டும், இருபதுமுகப் பகடையில் 20 விழுந்த வெட்டில் இரண்டு பகடையும் கூட இரண்டும். பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகு மிச்சமிருக்கும் சேதம் உங்கள் முழு உயிர்ப்புள்ளியைத் தொட்டால் அந்த இடத்திலேயே மரணம். 5 புள்ளிக்காரருக்கு ஒரே வெட்டில் 10 சேதம் போதும், கோப்ளினால் 14 வரை கொடுக்க முடியும். அதே விசார்ட் கான்ஸ்டிட்யூஷனில் 14 வைத்திருந்தால் உயிர்ப்புள்ளி 8, ஒரே அடியில் சாக 16 வேண்டும், அந்த கோப்ளினால் முடியாது.

நம் டுவார்ஃப்: விஸ்டம் 15, கான்ஸ்டிட்யூஷன் 14, ஸ்ட்ரெங்த் 13, டெக்ஸ்டெரிட்டி 12, கரிஸ்மா 10, இன்டெலிஜென்ஸ் 8.

ரேஸ் எவ்வளவு முக்கியம்?

எண்ணளவில் பார்த்தால், முக்கியத் திறனை 15-இலிருந்து 16-க்கோ 17-க்கோ தள்ளினால் போதும். ஹில் டுவார்ஃப் கான்ஸ்டிட்யூஷனில் 2, விஸ்டமில் 1 கூட்டித் தரும். ஆகவே இரண்டுமே 16, இரண்டுக்கும் +3. எல்லா டுவார்ஃபுக்கும் இருட்டில் 60 அடி பார்வை, விஷத்தை எதிர்க்கும் உருட்டலில் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கும் சலுகை, வார்ஹாமர் என்ற போர்ச் சுத்தியலில் பயிற்சி ஆகியவை உண்டு. ஹில் டுவார்ஃபுக்கு லெவலுக்கு ஒரு உயிர்ப்புள்ளியும் கூடுதல். வேகம் மட்டும் 25 அடி, மனிதருக்கு 30.

சாதா மனிதருக்கு ஆறு திறனிலும் ஒவ்வொன்று கூடும். தயார் எண்களோடு சேர்த்தால் 16, 15, 14, 13, 11, 9. மாடிஃபையர் உயர்வது 15-இலும் 13-இலும் மட்டும், மற்ற நான்கு ஒன்றும் இப்போதைக்கு வீண். மனிதராக ஆட ஆசையென்றால் 27 புள்ளி வழியில் ஒற்றைப்படை எண்களாகப் பார்த்து வாங்குங்கள்.

அந்த +2 எங்கெல்லாம் சேரும், எங்கே சேராது?

ப்ரொஃபிஷியன்சி போனஸ் என்று பெயர். நான்காம் லெவல் வரை +2. பயிற்சியுள்ள ஆயுதத்தால் தாக்கும்போது, பயிற்சியுள்ள ஸ்கில்லில் (மருத்துவம், பேச்சு போன்ற தனித் திறமையில்), கிளாஸ் தரும் இரண்டு சேவிங் த்ரோவில் (ஆபத்திலிருந்து தப்பிக்கும் உருட்டலில்), மந்திரத் தாக்குதலில், மந்திரத்தின் டிசியில் (எதிரி தப்பிக்கத் தொட வேண்டிய எண்ணில்) சேரும். சேதத்தில் சேராது. கவச எண்ணில் சேராது. உயிர்ப்புள்ளியில் சேராது. புதியவர்களின் தாளில் நாங்கள் அதிகம் திருத்தும் பிழை, வார்ஹாமர் சேதத்தில் இந்த 2-ஐயும் கூட்டிவைத்திருப்பதுதான்.

நம் டுவார்ஃபுக்கு வார்ஹாமர் தாக்குதல்: ஸ்ட்ரெங்த் +1, போனஸ் +2, மொத்தம் +3. சேதம்: எட்டுமுகப் பகடை, கூட 1. சேவிங் த்ரோ: விஸ்டம் +5, கரிஸ்மா +2. மற்ற நான்கிலும் வெறும் மாடிஃபையர்.

ஸ்கில்கள் மொத்தம் 18. இவருடைய பேக்கிரவுண்ட் அகோலைட், கோயில் சேவையில் வளர்ந்தவர். அது இன்சைட், ரிலிஜியன் இரண்டையும் தருகிறது. அதே இரண்டும் கிளெரிக் பட்டியலிலும் இருக்கும். அங்கேயும் அவற்றையே எடுத்துப் பயனில்லை, +2 இருமுறை சேராது. மெடிசின், பெர்சுவேஷன் எடுத்துக்கொள்கிறோம். இன்சைட் +5, மெடிசின் +5, பெர்சுவேஷன் +2, ரிலிஜியன் +1. வாழ்நாளெல்லாம் கோயிலில் இருந்தவருக்கு ரிலிஜியன் ஏன் இவ்வளவு குறைவு? அது இன்டெலிஜென்ஸைச் சார்ந்த ஸ்கில், இவருக்கு அங்கே –1. சடங்கு தெரியும், சாஸ்திரம் சரியாக ஓடாது. ஆடும்போது இதைப் பேச்சில் கொண்டுவாருங்கள், பாத்திரம் உயிரோடு நிற்கும்.

பாஸிவ் பெர்செப்ஷன் (தேடாமலே கவனத்தில் படுவது) என்ற தனிக் கட்டம் இருக்கும். 10-ஓடு பெர்செப்ஷன் ஸ்கில்லைக் கூட்ட வேண்டும். இவருக்கு அதில் பயிற்சி இல்லை, ஆகவே 13.

ஏசி எப்படிக் கணக்கிடுவது?

ஏசி என்பது கவச எண், எதிரி உங்களைத் தாக்கத் தொட வேண்டியது. கவசமே இல்லையென்றால் 10-ஓடு டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையர். லெதர் அணிந்தால் 11-ஓடு டெக்ஸ்டெரிட்டி. ஸ்கேல் மெயில் போன்ற நடுத்தரக் கவசத்தில் 14-ஓடு டெக்ஸ்டெரிட்டி, ஆனால் அதிகபட்சம் +2 வரைதான். செயின் மெயில் கனமான கவசம்: 16, அவ்வளவுதான், டெக்ஸ்டெரிட்டி சேரவே சேராது. கேடயம் பிடித்தால் இன்னும் 2.

லைஃப் டொமைன் கனமான கவசத்தில் பயிற்சி தருவதால் நம்மவருக்கு 16+2, ஆக 18. கோப்ளினின் தாக்குதல் +4. 18-ஐத் தொட அது 14 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும், நூற்றுக்கு 35 வாய்ப்பு. ஏசி 13 உள்ள தோழரை அது நூற்றுக்கு 60 முறை தொடும். பதிலுக்கு ஒரு விலை உண்டு: செயின் மெயில் சத்தம் போடும், பதுங்கிப் போகும்போது இரண்டு பகடை உருட்டிச் சின்னதை எடுக்க வேண்டும்.

பயிற்சி இல்லாத கவசத்தை விசார்ட் அணிந்தால் மந்திரமே போட முடியாது. இரண்டு கையால் பிடிக்கும் வாளையும் கேடயத்தையும் ஒன்றாக எழுதிவைத்திருக்கும் தாள்களும் வரும். கை இரண்டுதான்.

முதல் லெவலில் உயிர்ப்புள்ளியை உருட்ட வேண்டுமா?

வேண்டாம். கிளாஸின் பகடையில் உள்ள பெரிய எண்ணை அப்படியே எடுத்து, கான்ஸ்டிட்யூஷன் மாடிஃபையரைக் கூட்டுங்கள். விசார்டுக்கு 6, கிளெரிக்குக்கும் ரோக்குக்கும் 8, ஃபைட்டருக்கு 10, பார்பேரியனுக்கு 12. நம்மவருக்கு 8+3, ஹில் டுவார்ஃபின் கூடுதல் 1, மொத்தம் 12.

மந்திரப் பகுதி புரியவே இல்லை. ஸ்லாட், தயாரித்த மந்திரம், கேன்ட்ரிப் மூன்றும் ஒன்றா?

மூன்றும் வேறு வேறு. கேன்ட்ரிப் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், செலவே இல்லை. தயாரித்த மந்திரங்கள் என்பவை இன்று உங்களுக்குக் கைவசம் இருக்கும் பட்டியல். ஸ்லாட் என்பது அந்தப் பட்டியலிலிருந்து எத்தனை முறை போடலாம் என்ற கணக்கு. நான்கு மந்திரம் தயாரித்து, இரண்டு ஸ்லாட் இருந்தால், நான்கில் ஏதோ ஒன்றையே இரண்டு முறை போடலாம், வெவ்வேறு இரண்டையும் போடலாம். மூன்றாவது முறைக்கு நீண்ட ஓய்வு முடிய வேண்டும்.

முதல் லெவல் கிளெரிக்குக்கு 3 கேன்ட்ரிப், 2 ஸ்லாட், தயாரிக்கும் எண்ணிக்கை விஸ்டம் மாடிஃபையரோடு லெவல்: 3+1, நான்கு. லைஃப் டொமைன் தரும் ப்ளெஸ், க்யூர் வூண்ட்ஸ் இரண்டும் எப்போதும் தயார், நான்கில் சேராது. கேன்ட்ரிப்பாக சேக்ரட் ஃப்ளேம், கைடன்ஸ், லைட். தயாரிக்க ஹீலிங் வேர்ட், கைடிங் போல்ட், கமாண்ட், டிடெக்ட் மேஜிக் நல்ல தொடக்கம். டிடெக்ட் மேஜிக்கைப் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு சடங்காகச் செய்தால் ஸ்லாட் செலவாகாது.

மந்திர டிசி 8, போனஸ் 2, விஸ்டம் 3, மொத்தம் 13. சேக்ரட் ஃப்ளேம் போட்டால் எதிரி டெக்ஸ்டெரிட்டியில் 13 தொட்டுத் தப்பிக்க வேண்டும், தவறினால் எட்டுமுகப் பகடைச் சேதம். க்யூர் வூண்ட்ஸில் ஓர் எட்டுமுகப் பகடை, விஸ்டம் 3, லைஃப் டொமைனின் கூடுதல் 3: குறைந்தபட்சமே 7 புள்ளி திரும்பி வரும்.

இரண்டு இடத்தில் கவனம் தேவை. ஒன்று, ப்ளெஸ் என்பது போட்டவர் கவனம் கலையாமல் பிடித்துவைத்திருக்க வேண்டிய மந்திரம். அதுபோன்ற இன்னொன்றைப் போட்ட கணமே முதலாவது அறுந்துவிடும். மற்றொன்று கை. க்யூர் வூண்ட்ஸுக்குக் கையசைவு வேண்டும். ஒரு கையில் வார்ஹாமர், மறு கையில் கேடயம் என்றால் அசைக்கக் கை ஏது? ஆயுதத்தை இடுப்பில் செருகிவிட்டுத்தான் போட வேண்டும். ஹீலிங் வேர்டுக்கு வாய்ச்சொல் மட்டுமே போதும், அதுவும் 60 அடி தூரத்திலிருந்து, போனஸ் ஆக்ஷனில் (வழக்கமான செயலோடு கூடுதலாகச் செய்யும் சிறு செயலில்). சண்டை நடுவில் விழுந்தவரை எழுப்ப அதுவே கைகொடுக்கும். ஆனால் அந்தச் சுற்றில் அதோடு கேன்ட்ரிப் தவிர வேறு மந்திரம் போட முடியாது.

சாமான்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

தேவையில்லை. கிளாஸும் பேக்கிரவுண்டும் தரும் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவருக்கு வார்ஹாமர், செயின் மெயில், கேடயம், லைட் கிராஸ்போ, 20 அம்புகள், பூசாரிப் பை, புனிதச் சின்னம். அகோலைட் என்பதால் 15 தங்கக் காசும் உண்டு.

புதியவருக்கு எந்தக் கிளாஸ் சுலபம்?

ஃபைட்டர், பார்பேரியன், ரோக். நினைவில் வைக்க வேண்டியது குறைவு. ரோக் எடுத்தால் மட்டும் ஃபினெஸ் வகை (லாவகத்தால் வீசும்) ஆயுதமோ தூர ஆயுதமோ வைத்திருங்கள், இல்லையென்றால் ஸ்னீக் அட்டாக் என்ற பதுங்கித் தாக்குதலின் கூடுதல் பகடை கிடைக்காது. விசார்ட் கடினம்: மந்திரப் புத்தகத்தில் ஆறு மந்திரம் எழுதி, அதிலிருந்து தயாரித்து, பிறகு ஸ்லாட் பார்க்க வேண்டும். ஆனாலும் விசார்டாக ஆட ஆசைப்பட்டு வந்தவரை "முதலில் ஃபைட்டர் ஆடு" என்று திருப்பி அனுப்பாதீர்கள். ஆசை இருக்கிறவர் விதியை ஒரு வாரத்தில் படித்துவிடுவார்.

இரண்டு முறை ஆடிய பிறகு ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றினால்?

டிஎம்மிடம் கேளுங்கள், முதல் லெவலில் எண்களை இடம் மாற்றிக்கொள்ளப் பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள். 300 அனுபவப் புள்ளி சேர்ந்தால் இரண்டாம் லெவல். அப்போது தாளில் மாற்ற வேண்டியவை கொஞ்சம்தான். நம்மவருக்கு எட்டுமுகப் பகடையை உருட்டுங்கள், அல்லது உருட்டாமல் 5 எடுங்கள். அதோடு கான்ஸ்டிட்யூஷன் 3, டுவார்ஃப் கூடுதல் 1: ஐந்தை எடுத்தால் உயிர்ப்புள்ளி 12-இலிருந்து 21. ஸ்லாட் 3 ஆகும், தயாரிக்கும் மந்திரம் 5 ஆகும், சேனல் டிவினிட்டி என்ற கிளெரிக் சக்தி புதிதாக வரும். ப்ரொஃபிஷியன்சி போனஸ் அதே +2 தான், அதைத் தொடாதீர்கள்.